பழைய பாணும் இரண்டு மெழுகுதிரிகளும்

நாங்கள் வேலை செய்த குசினியில் பெரிய பிறீஸருக்கு மேலே ஒருவரும் கை வைக்காத ஓரிடம் இருந்தது. நத்தார் முடிந்ததிலிருந்து பெப்ரவரி 3ஆம் திகதி வரைக்கும் அந்த இடத்தில் ஒரு பனெத்தோனே பெட்டி இருக்கும். பனெத்தோனே என்பது மிலான் பக்கத்து நத்தார்ப் பாண். முந்திரிகை வற்றலும் தோடம்பழத் தோலும் போட்டு, தேர்முடி மாதிரி உயரமாக எழும்ப விட்டுச் சுடுவார்கள். மார்கழியில் சாமான் தருகிற கடைக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பெட்டி கொண்டுவந்து கொடுப்பார்கள். எல்லாம் தின்று தீர்ந்தாலும் அந்த ஒன்று மட்டும் மிஞ்சும். முதலாளியின் தாய் கதிரை வைத்து ஏறி, தன் கையால் அதை மேலே வைப்பா. வயது எண்பதுக்கு மேல். குசினியில் எல்லாருக்கும் அவ நொன்னா. அவர்கள் பாசையில் அம்மம்மா.

நாங்கள் மூன்று பேர் 2013 மாரியில் அங்கே சேர்ந்தோம். ஸ்மித்பீல்ட் இறைச்சிச் சந்தைக்குப் பின்பக்கம், கிளார்க்கன்வெல்லில், பன்னிரண்டு மேசை போட்ட சின்ன இத்தாலியச் சாப்பாட்டுக் கடை. ஒருவர் கோப்பை கழுவ, ஒருவர் மரக்கறி வெட்ட, அண்ணை அடுப்படியில். அடுத்த பெப்ரவரி 3ஆம் திகதி காலை, வேலை தொடங்க முதல், நொன்னா எங்களையும் இரண்டு ருமேனியரையும் ஒரு சில்ஹெட் பெடியனையும் வரிசையாக நிற்கவைத்து, அந்தப் பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு துண்டு வெட்டித் தந்தா. ஆறு கிழமைப் பழசு. சட்டி தேய்க்கிற ஸ்பொஞ்சுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. விழுங்கும்வரை பக்கத்திலே நின்று பார்த்தா. ரீ குடித்துவிட்டு வந்தவர்களுக்கு ஏச்சு. வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டுமாம்.

“எறியிற பாணை எங்கட தலையில கட்டுறா மனுசி” என்றான் தம்பி.

எங்கள் எல்லாருக்கும் அந்த எண்ணம்தான். வெள்ளைக்காரர் வீட்டுக் கஞ்சத்தனம் என்று ஒரு தனிக் கணக்கு எங்களிடம் இருந்தது. அதில் இதையும் சேர்த்துக்கொண்டோம். இரண்டு மூன்று வருடம் போய், அவவுடைய அரைகுறை ஆங்கிலமும் எங்களுடைய அரைகுறை ஆங்கிலமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட பிறகுதான் விசயம் விளங்கியது. அன்றைக்கு சான் பியாஜோ திருநாள். பெப்ரவரி 3இல் நத்தார்ப் பாணின் கடைசித் துண்டைத் தின்றால், வருடம் முழுக்கத் தொண்டைக்கு ஒன்றும் வராது என்பது மிலான்காரரின் நம்பிக்கை.

அந்தப் பழைய பாணுக்கு ஒரு கதையும் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் நத்தாருக்கு முன்னம் பனெத்தோனே ஒன்றைச் சுட்டு, மந்திரித்துத் தரும்படி ஒரு துறவியிடம் கொடுத்துவிட்டுப் போனாவாம். அவருக்கு வேலை மும்முரம், மறந்துபோனார். அவவும் வரவில்லை. துறவி ஒரு ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டார், அடுத்த நாள் இன்னொரு ஓரம். கடைசியில் வெறும் கடதாசிதான் மிச்சம். பெப்ரவரி 3ஆம் திகதி அந்தப் பெண் வந்து நின்றா. துறவி மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு உள்ளே போய்ப் பார்த்தால், முந்தியதைவிட இரண்டு மடங்கு பெரிய பனெத்தோனே அங்கே இருந்ததாம். நொன்னா இதைச் சொல்லிவிட்டு, குசினியில் களவாகத் தின்கிறவர்களுக்கு இது பொருந்தாது என்றும் சேர்த்துச் சொன்னா.

ஆர் இந்த பியாஜோ என்று தம்பிதான் முதலில் பிடித்தான். அவன் பாசையூரான். “எங்கட பிளாசியார்! ரெண்டாம் திகதி மெழுகுதிரித் திருநாளில மந்திரிச்ச திரியை மூண்டாம் திகதி தொண்டையில வைப்பினம்” என்று துள்ளினான். சின்ன வயதில் வரிசையில் நின்றிருக்கிறான். இரண்டு மெழுகுதிரியைக் குறுக்கே கட்டி, கத்தரிக்கோல் மாதிரிக் கழுத்தில் வைத்து சுவாமி செபம் சொல்லுவாராம். உருகின மெழுகு சட்டையில் ஊத்துமோ என்றுதான் அவனுக்கு அப்போது பயம். கொளுத்தாத திரி என்று தாய் சொல்லியும் நம்பவில்லையாம்.

செபாஸ்தே என்ற ஊரின் ஆயர் பிளாசியார். இன்றைய துருக்கியில் சிவாஸ் என்று பெயர். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடித்தபோது மலைக் குகையில் ஒளித்திருந்தார், நோய்பட்ட மிருகங்கள் அவரைத் தேடி வந்தன என்கிறது கதை. பிடித்துக்கொண்டு போகிற வழியில் ஒரு தாய், தொண்டையில் மீன்முள் சிக்கிச் சாகக்கிடந்த தன் பிள்ளையை அவர் காலடியில் கிடத்தினா. கைதியாகப் போகிறவர் நின்று பிள்ளையைச் சுகமாக்கிவிட்டுப் போனார். இன்னொரு ஏழைக் கிழவியின் ஒரே பன்றியை ஓநாய் கொண்டுபோக, அதைத் திருப்பிக் கொண்டுவரச் செய்தார். கிழவி அந்தப் பன்றியையே அடித்து, தலையையும் காலையும் சமைத்து, பாணும் மெழுகுதிரியும் சேர்த்து மறியலுக்குக் கொண்டுபோனா. அந்த மெழுகுதிரிதான் இன்றைக்குக் கழுத்துக்கு வருகிற திரி. பிறகு ஆட்டுமயிர் வாருகிற இரும்புச் சீப்பால் அவருடைய உடம்பைக் கிழித்தார்கள், தலையை வெட்டினார்கள்.

அந்தச் சீப்பு காரணமாகத்தான் கம்பளி வாருகிற தொழிலாளருக்கு அவர் காவலரானார். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில் 1825 பெப்ரவரி 3ஆம் திகதி முதலாளிமாரும் வேலையாட்களும் சேர்ந்து பிளேஸ் ஆயருக்குப் பெரிய ஊர்வலம் எடுத்தார்கள். அதே வருடம் நடுப்பகுதியில் கூலி கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கி, மாதக்கணக்கில் இழுத்து, தொழிலாளர் தோற்றுப்போனார்கள். ஊர்வலத்தில் சேர்ந்து நடந்தது அவ்வளவுக்குத்தான் உதவியது. வேறு ஊர்களில் அவருடைய பெயர் ஆங்கிலத்தில் தீச்சுவாலையைக் குறிக்கும் சொல்லோடு ஒலிக்கிறது என்பதற்காகவே குன்றுகளில் நெருப்பு மூட்டினார்களாம். ஸ்பெயினில் மந்திரித்த நாடாவைக் கழுத்தில் கட்டுகிறார்கள். சிசிலியில் ஓரிடத்தில் தொண்டை வடிவில் சின்னச் சின்னப் பாண் சுடுகிறார்கள்.

எங்களுக்கு இதெல்லாம் புதினமில்லை. சூடை மீன் தின்று வளர்ந்தவர்களுக்கு முள்ளைப் பற்றி ஆர் வந்து சொல்ல வேண்டும்? முள் சிக்கினால் வெறும் சோற்றைக் கவளமாக உருட்டிச் சப்பாமல் விழுங்கு என்பார்கள், இல்லாவிட்டால் வாழைப்பழம். அதற்கும் போகாவிட்டால் தண்ணீர் மந்திரித்துத் தருகிற கிழவர் ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். புரைக்கேறினால் உச்சந்தலையில் தட்டி, “ஆரோ நினைக்கினம்” என்று சொல்வது கடைசி. இந்த நாட்டில் புரைக்கேறினால் முதுகில் அடிக்கிறார்கள். நினைக்கிறவர்களைப் பற்றிப் பேச்சில்லை.

இனி அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணை வடமராட்சி. ஊர்க் கோயிலில் பண்ணோடு தேவாரம் பாடியவர் என்று அவரைத் தெரிந்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எங்களோடு ஈஸ்ட்ஹாமில் ஒரே அறையில் இருந்த இத்தனை வருடத்தில் அவர் பாடி நாங்கள் கேட்டதில்லை. முருகன் கோயிலிலும் வாய் திறக்காமல் நிற்பார். கதைப்பதே மெல்லிய கரகரப்பில். குசினியில் நாற்பது பாகை வெக்கையிலும் கழுத்தில் ஒரு பருத்திச் சால்வை இருக்கும். தலைமயிரைத் தானே கண்ணாடி பார்த்து வெட்டிக்கொள்வார். சலூன்காரன் கழுத்தைச் சுற்றித் துணி கட்டுவான் அல்லவா, அதற்காக.

ஊரில் ஒரு முகாமில் வைத்து அவருடைய கழுத்தில் எதையோ செய்தார்கள். எந்த முகாம் என்று அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. இதை வாசிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முகாம் ஞாபகத்துக்கு வரும். எங்கள் மூவருக்குள்ளேயே மூன்று ஞாபகம் இருந்தது.

அகதி வழக்குக்காக ஒரேயொரு வைத்தியருக்கு மட்டும் சால்வையைக் கழற்றிக் காட்டினார். அவர் அடிமட்டம் வைத்து அளந்து, படம் வரைந்து, பல பக்கத்தில் அறிக்கை எழுதினார். பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்த ஒருவர் எங்களில் உண்டு. அறிக்கையை வாசித்துத் தமிழில் சொல்கிற வேலை அவருடையது. காயம் அவர் சொல்வதோடு ‘ஒத்துப்போகிறது’ என்று எழுதியிருந்தது. சித்திரவதைக் காயங்களை மதிப்பிட இஸ்தான்புல் நெறிமுறை என்று 1999ஆம் ஆண்டிலிருந்து ஒரு கைந்நூல் இருக்கிறது. அதன்படி ஐந்து படி. ஒத்துப்போகவில்லை, ஒத்துப்போகிறது, மிகவும் ஒத்துப்போகிறது, அதற்கே உரிய மாதிரி, அதைத் தவிர வேறில்லை. அண்ணைக்குக் கிடைத்தது இரண்டாம் படி.

“ஒத்துப்போகுது எண்டா, நம்பினமா நம்பேல்லையா?” என்று கேட்டார்.

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு விசா கிடைத்தது. ஆனால் அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. ஏதும் கறியில் உப்புக் காணுமா என்று கேட்டால், “ஒத்துப்போகுது” என்பார். அது அவருடைய பகிடி.

2020ஆம் ஆண்டு பெப்ரவரி 3 திங்கட்கிழமை. கடை பூட்டு. அதற்கு முந்திய வெள்ளி இரவுதான் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியிருந்தது. ருமேனியப் பெடியள் முகம் கறுத்துத் திரிந்தார்கள். சீனத்து வருத்தம் இங்கேயும் ஒன்றிரண்டு பேருக்கு வந்துவிட்டது என்றும் கதை வந்திருந்தது. நொன்னா ஒவ்வொரு வருடமும் ஈலி பிளேஸ் கோயிலுக்குத் தொண்டை மந்திரிக்கப் போவா, மகன் கூட்டிக்கொண்டு போவார். அந்த வருடம் மகன் ஊரில் இல்லை. அவவுக்கு முழங்காலும் சரியில்லை. அண்ணையை வரச் சொன்னா. அவன் கதைக்க மாட்டான், அதனால் ஆறுதலாக நடக்கலாம் என்பது அவவுடைய நியாயம். தம்பியும் தொற்றிக்கொண்டான், ஆகவே எல்லாரும் போனோம்.

பரிங்டன் நிலையத்திலிருந்து நடை தூரம்தான். ஹற்றன் கார்டனைத் தாண்ட வேண்டும். எங்கள் மலையகத்து ஹற்றன் அல்ல, இது லண்டனின் நகைக்கடைத் தெரு. இரண்டு பக்கமும் கண்ணாடிக்குள்ளே சங்கிலிகள், கழுத்தில்லாமல் தொங்குகின்றன. அந்தத் தெருவில் நாங்கள் எப்போதும் வேகமாகத்தான் நடப்போம். எங்களில் இருவர் அம்மாமாரின் சங்கிலியிலும் தாலிக்கொடியிலும் விமானம் ஏறினவர்கள். ஏஜென்சிக்காரனுக்குப் போன பவுணை நாங்கள் திருப்பி வாங்கிக் கொடுத்துவிட்டோம், தம்பியின் தாய் மட்டும் அதை இன்னும் போடவில்லை. அலுமாரிக்குள்ளேயே வைத்திருக்கிறா. “கழுத்துக்குப் பழக்கம் விட்டுப்போச்சுது” என்று தொலைபேசியில் சொன்னாவாம்.

ஈலி பிளேஸ் ஒரு முட்டுத் தெரு. வாசலில் இரும்புக் கேற்றும் காவல்காரனுக்கு ஒரு குட்டி வீடும். முந்தி ஈலி ஆயர்மாரின் லண்டன் மாளிகை நின்ற நிலம் அது. காவல்காரனைக் கேட்காமல் பொலிசே உள்ளே வரக்கூடாது என்று ஒரு பழங்கதை உண்டு. அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து தம்பிக்கு அங்கே ஒரு அறை வாடகைக்கு எடுக்க ஆசை. மாளிகையில் மிஞ்சினது 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டின கோயில் மட்டும். கத்தோலிக்கப் பூசை தடைசெய்யப்பட்ட காலத்திலும், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்பானியத் தூதர் அங்கே குடியிருந்ததால் தூதர் வீடு என்ற சாட்டில் பூசை நடந்திருக்கிறது. 1874இல் ஏலத்துக்கு வந்தபோது கத்தோலிக்கர் திருப்பி வாங்கினார்கள்.

கோயில் புனித எதெல்டிரேடாவுக்கு உரியது. அவ ஒரு ராசாத்தி, பிறகு துறவி, ஈலியில் மடம் நிறுவினவ. 679இல் செத்தது கழுத்தில் வந்த கட்டியினால். இளமையில் ஆசைப்பட்டுக் கழுத்து நிறையச் சங்கிலி போட்டதற்கு இது சரிதான் என்று அவ சொன்னதாக பீட் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். இங்கிலீசில் அவவை ஓட்ரி என்றும் சொல்வார்கள். அவவுடைய திருநாள் சந்தையில் கழுத்துக்குக் கட்டுகிற மலிவான பட்டு நாடா விற்றார்கள். அதிலிருந்துதான் பகட்டான மட்டச் சாமானுக்கு ‘டோட்ரி’ என்ற சொல் வந்தது. தொண்டை வருத்தத்தில் செத்தவவின் கோயிலில் தொண்டைக் காவலரின் திருநாள். பக்கத்துத் தெரு முழுக்கச் சங்கிலிக் கடை. ஆரும் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை.

கல்படி ஏறிப் போனால் மேலே கோயில். நொன்னா அண்ணையின் கையை இறுக்கிப் பிடித்திருந்தா. மேற்குப் பக்கச் சன்னலைப் பார்த்து அண்ணை நின்றுவிட்டார். போரில் குண்டு விழுந்து பழைய கண்ணாடிகள் போனபின் வைத்த நிறக் கண்ணாடி அது. 1535ஆம் ஆண்டு மே 4ஆம் திகதி அரசனுக்குப் பணியாமல் டைபர்னில் தூக்கிலிடப்பட்ட துறவிகள் அதில் நிற்கிறார்கள். கீழே தூக்குமரம். அவர்களில் ஒருவர் சார்ட்டர்ஹவுஸ் மடத்தின் தலைவர். அந்த மடம் எங்கள் கடையிலிருந்து ஐந்து நிமிட நடை. நாங்கள் குப்பை வண்டிக்காரரோடு சண்டை பிடிக்கிற சந்திக்குப் பக்கம்.

பூசை முடிந்து வரிசை தொடங்கியது. கந்தோர்க்காரர், கோட் போட்ட வழக்கறிஞர், பிலிப்பினோத் தாதிமார், பாட்டுக்காரி மாதிரி ஒரு பெண். சுவாமியார் இரண்டு மெழுகுதிரியைச் சிவப்பு நாடாவால் குறுக்கே கட்டிப் பிடித்திருந்தார். ஒவ்வொரு கழுத்திலும் வைத்து, பிளாசியாரின் மன்றாட்டினால் தொண்டை வருத்தத்திலிருந்தும் வேறு எல்லாத் தீமையிலிருந்தும் காக்கும்படி ஒரே செபத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் பின்னாலே வாங்கில் இருப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் நொன்னா கையை விடவில்லை. அண்ணையும் அவவோடு நகர்ந்துகொண்டே போனார். கையை உருவினால் கிழவி விழுந்துவிடுவா. எங்களுக்கு நெஞ்சு இடித்தது. சலூனுக்கே போகாத மனுசன்.

நொன்னாவுக்கு முடிந்தது. அடுத்தது அண்ணை. சுவாமியார் திரியைத் தூக்கினார். அண்ணை ஒரு அடி பின்னுக்குப் போய், இடது கையை விரித்துத் தன்னுடைய சால்வைக்கு முன்னால் பிடித்தார். அடுப்பிலிருந்து எண்ணெய் தெறிக்கும்போது பிடிக்கிற மாதிரி. வரிசை நின்றுவிட்டது. சுவாமியார் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒரு அடி பின்னுக்குப் போனார். திரியை அந்தத் தூரத்திலேயே பிடித்துக்கொண்டு முழுச் செபத்தையும், மற்றவர்களுக்குச் சொன்ன அதே வேகத்தில், சொல்லி முடித்தார். பிறகு அடுத்த ஆளைப் பார்த்தார்.

நொன்னாவை வீட்டில் விட்டுவிட்டு ரெயினில் வரும்போது ஈஸ்ட்ஹாம் கிட்ட வரும்வரை அண்ணை பேசவில்லை. பிறகு, “தொடேல்ல” என்றார். கொஞ்சம் பொறுத்து, “கையில விலங்கோட போற மனுசன், தன்ர கழுத்தை வெட்டப்போறாங்கள் எண்டு தெரிஞ்சும் நிண்டு முள்ளெடுத்திருக்கிறார்” என்றார். அது அவரளவில் நீண்ட பேச்சு.

அன்றிரவு சோறு தின்னும்போது தம்பி, சைவத்தில் தொண்டைக்கு ஆர் பொறுப்பு என்று கேட்டான். நீலகண்டர்தானே என்றோம். நஞ்சு கீழே இறங்காமல் உமையம்மை கழுத்தைப் பிடித்த கதையைச் சொல்லத் தொடங்கி, பிடித்த என்ற இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டோம். அண்ணை ஒன்றும் ஆகாதவர் மாதிரி, ஊரில் காய்ச்சல் என்றால் தாய் தலைமாட்டிலிருந்து திருநீலகண்டப் பதிகம் படிப்பா என்றார். சம்பந்தர் அதைப் பாடியது திருச்செங்கோட்டில், பனிக்காலத்தில், கூடப் போன அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தபோது. “அதுவும் இந்த மாதிரி மாரிதான்” என்றார். பாடிக்காட்டுங்கோ என்று கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

அந்த ஏப்ரலில் நொன்னா போனா. மூச்சு முட்டித்தான் என்று மகன் தொலைபேசியில் சொன்னார். அடக்கத்துக்கு எண்ணிச் சில பேரைத்தான் விட்டார்கள், நாங்கள் போகவில்லை. கடை திரும்பத் திறக்கவேயில்லை. பிறகு வேறு வேறு குசினிகளுக்குச் சிதறினோம். 2021இல் ஒன்றில் கிழமைக்கு இரண்டு தரம் பஞ்சுக்குச்சியால் தொண்டையிலும் மூக்கிலும் தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். அண்ணை மூக்கோடு நிறுத்திக்கொண்டார். மற்றக் கட்டத்திலும் சரி போட்டுவிட்டு, “ஒத்துப்போகுது” என்றார்.

அதே வருடம் பெப்ரவரியில் லண்டன் பூட்டிக் கிடந்தது. 3ஆம் திகதி காலை அண்ணை எங்களை எழுப்பினார். அலுமாரிக்கு மேலே, சூட்கேசுகளுக்குப் பின்னாலே, ஒரு பனெத்தோனே பெட்டி இருந்தது. நத்தார் முடிந்து பாதி விலைக்குப் போட்டபோது வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார். மூன்று துண்டு வெட்டினார், பிறகு யோசித்து நாலாவதும் வெட்டி ஒரு கோப்பையில் மூடி வைத்தார். தம்பி கேத்திலைப் போடப் போனான்.

“வை கேத்திலை. வெறுவயித்தில.”

முழுசாக நின்று பார்த்தார், நொன்னா மாதிரியே. பாண் வாய்க்குள் போனதும் இருக்கிற எச்சிலையெல்லாம் உறிஞ்சிவிட்டது. தம்பிக்குப் புரைக்கேறிக் கண்ணால் தண்ணீர் வந்தது. அண்ணை அவன் உச்சியில் இரண்டு தட்டுத் தட்டினார். ஆரோ நினைக்கினம் என்று சொல்வார் என்று பார்த்தோம். சொல்லவில்லை. தம்பிதான் மூச்சு வந்ததும், “அண்ணை, தொண்டைக்குத் தாற பாணே தொண்டையில நிக்குது, ஒரு ரீ ஊத்துங்கோவன்” என்று கெஞ்சினான்.

“பாணை முடி முதல்” என்றார் அண்ணை.